வடக்குச் சரிவில் பாசி

சிவமயம்
பள்ளத்தூர்
18.11.2024

தம்பி காசிவிஸ்வநாதனுக்கு அக்காள், ஆச்சி விசாலாட்சி எழுதுவது.

நான் சுகம். முழங்கால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. உன் வீட்டுக்காரி மெய்யம்மைக்குச் சளி விட்டதா? கோட்டயத்து மழையில் ஈரத் தலையோடு அலையவேண்டாம் என்று சொல்.

இந்தப் பெட்டியில் சீப்புச்சீடையும் மனகோலமும் இருக்கின்றன. சீடைப் பொட்டலத்துக்கு நடுவில் கடிதத்தை வைத்திருக்கிறேனே என்று சிரிக்காதே. கடைப் போன் ஈஸ்வரி கையில் இருக்கிறது. ஆர்டர் வருவதும் போவதும் அவள்தான் பார்க்கிறாள். வீட்டு விஷயத்தை அதில் எழுதினால் அவளும் படிப்பாள். பேசலாமென்றால் எனக்கு எந்நேரமும் மாவுக்கை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பிய நாற்பது பெட்டி திரும்பி வந்துவிட்டது. திறந்ததும் நனைந்த துணி வாடை அடிக்கிறதாம். நானும் மோந்து பார்த்தேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. பலகாரம் வைக்கும் அறைக்கு மேலே வடக்குச் சரிவில் ஓட்டில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. உள்ளே சுவர் பொரிந்து, ஓட்டைத் தாங்கும் வரிச்சுச் சட்டம் கறுத்துப்போய்விட்டது. அதே சரிவுக்குக் கீழேதான் பங்காளி முத்தப்பனுடைய ரெண்டு அறையும் இருக்கின்றன. அவர் வீட்டு வேப்பமரச் சருகெல்லாம் ஓட்டில் விழுந்து மக்கித்தான் பாசி வருகிறது என்பது என் கணக்கு.

உன் அத்தான் போனபிறகு இந்த அடுப்பை வைத்துத்தான் நின்றேன். அந்த அறை போனால் சரக்கு வைக்க வேறு இடமில்லை. வியாபாரத்தை நிறுத்தினால் மகள் தீக்ஷா என்னைப் பெங்களூருக்கு மூட்டை கட்டிவிடுவாள். பதினாலாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வது? நீ ஓடும் தகரமும் பெயிண்டும் விற்கிறவன். பாசிக்கு மருந்து சொல்.

ஆசியுடன்,
ஆச்சி

•

கோட்டயம்
27.11.2024

அன்புள்ள ஆச்சிக்குக் காசியின் வணக்கம்.

மெய்யம்மைக்குச் சளி போய்விட்டது. சீடை வந்த அன்றே தீர்ந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது, இத்தோடு வைத்திருக்கிறேன்.

மூன்று தரம் போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஈஸ்வரிதான் எடுத்து, "ஆச்சி அடுப்புல இருக்காக" என்றாள். மூன்று தரமும் அதே பதில்.

பாசி ஓட்டைத் தின்னாது, ஆச்சி. ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த ஈரம்தான் ஓட்டையும் மரத்தையும் தின்னும். இங்கே வருஷத்தில் ஆறு மாதம் மழை, பாசி இல்லாத கூரையே இல்லை. நான் அனுப்பியிருக்கும் கேனில் உள்ளதை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து தெளிக்கவேண்டும். அரைமணி ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் மேலிருந்து கீழே தள்ளவேண்டும். கம்பிப் பிரஷ் கூடாது. பீய்ச்சி அடிக்கும் மிஷினும் கூடாது, நாட்டு ஓடு நொறுங்கிவிடும். கழுவின தண்ணீர் கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகட்டில் செம்புக் கம்பி ஓட்டிவிட்டால் மழை பெய்யும்போதெல்லாம் அதன் சாரம் இறங்கி, பாசி திரும்ப வராது.

சருகையும் அள்ளச் சொல்லுங்கள். முத்தப்பன் அண்ணனிடம் சண்டை வேண்டாம்.

பணிவுடன்,
காசி

•

சிவமயம்
பள்ளத்தூர்
20.12.2024

காசிக்கு,

தைலம் தேய்க்கிறேன். வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியேதான். நீங்கள் இருவரும் திருவாதிரைக்குக் களி கிண்டுவீர்கள் என்று ஏலக்காய் வைத்திருக்கிறேன்.

கொத்தனார் சோணைமுத்துவை ஏற்றி நீ சொன்னபடியே செய்தாகிவிட்டது. பத்து நாள் ஓடு எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கு நிறத்தில் இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பதினைந்தாம் நாள் மறுபடி பச்சை. செம்புக் கம்பி யோசனையை உன்னோடு வைத்துக்கொள். இந்த ஊரில் முகட்டில் செம்பைக் கட்டினால் மறுநாள் காலையில் ஓடு மட்டும்தான் இருக்கும்.

சண்டை வேண்டாம் என்றாய். நான் போகவில்லை, முத்தப்பன்தான் வந்தார். "ஆச்சி, வெள்ளனத்துல உங்க டேங்க் வழிஞ்சு எங்க ஓட்டு மேல கொட்டுது. அந்தச் சத்தத்துலதான் நான் எந்திரிக்கிறேன்" என்கிறார். கையை ஆட்டி ஆட்டி, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி. நான் சொன்னேன், "முப்பது வருசமா நான் மோட்டார நிறுத்துறதே டேங்க் வழியிற சத்தத்த வச்சுத்தான். வழிஞ்சா எனக்குக் கேக்காதா?" விறுவிறுவென்று போய்விட்டார். தன் மரத்துச் சருகை மறைக்க என் டேங்கைச் சொல்கிறார்.

வேறு நல்ல மருந்தாக அனுப்பு.

ஆச்சி

•

கோட்டயம்
6.1.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். பொங்கலுக்கு வர முடியாது, கடையில் கணக்கு முடிக்கிற சமயம். கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பெட்டியில் இடமில்லை, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தரம் பூச்சு அனுப்புகிறேன், ரெண்டு வாளி. ஓடு நன்றாகக் காய்ந்த பிறகு ரெண்டு கை அடிக்கவேண்டும். ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காது, பாசிக்குப் பிடிமானம் கிடைக்காது. இங்கே நாலு வீட்டுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு புகாரும் இல்லை.

தீக்ஷா நேற்று என்னிடம் பேசினாள். "மாமா, அம்மா எங்கூட போன்ல பேசுறதே இல்ல, எல்லாத்துக்கும் 'சரி சரி'ன்னுட்டு வச்சிர்றாக. என்மேல ஏதும் கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவைத்தேன். கோபமா ஆச்சி? என்மேலும் உண்டா?

பணிவுடன்,
காசி

•

சிவமயம்
பள்ளத்தூர்
19.2.2025

காசிக்கு,

பொங்கல் நன்றாக முடிந்தது. பானை கிழக்கே பொங்கியது. நான் சுகம். உனக்கு ரத்த அழுத்தம் என்று போன வருஷம் எழுதினாயே, உப்பைக் குறைத்தாயா?

உன் கடைச் சரக்கு என்பதற்காக நான் சொல்லாமல் விடமாட்டேன். உதவாத சரக்கு. மூன்று வாரத்தில் பூச்சு பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்தது. சோணைமுத்து ஒரு கொப்பளத்தைக் குத்தினான், உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சியது. "ஆச்சி, ஓடு அடியில சொதசொதன்னு கெடக்கு. மேல மூடிப்புட்டா ஈரம் எங்குட்டுப் போகும்?" என்றான். பூச்சை உரிக்கும்போது நாற்பது ஓடு உடைந்தது. ரெண்டு வரிச்சைக் கையால் தொட்டதும் தவிடாகக் கொட்டிவிட்டது. கரையான் வேறு.

பலகாரத்தை என் படுக்கையறைக்கு மாற்றியிருக்கிறேன். நான் தரையில் படுக்கிறேன், தேன்குழல் கட்டிலில் படுக்கிறது. எத்தனை நாள் இப்படி?

முத்தப்பன் வக்கீலைப் பார்க்கப் போகிறாராம். அவர் போகட்டும், எனக்கும் வழி தெரியும். இதில் அடுத்த கவலையாகப் போர்க் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் இருபது நிமிஷத்தில் டேங்க் நிறைந்து வழியும். இப்போது நாற்பது நிமிஷம் ஓடினாலும் வழிவதில்லை. மோட்டார் சூடாகிறதே என்று நானே நிறுத்திவிடுகிறேன். இன்னும் ஆழம் போட ஆள் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்ட கோபம் யார்மேலும் இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான்.

ஆச்சி

•

கோட்டயம்
3.3.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

நலம். உப்பைக் குறைத்தேன், மெய்யம்மை எனக்குத் தெரியாமல் கூட்டுகிறாள் என்று நினைக்கிறேன்.

பூச்சு விஷயத்தில் தப்பு என்னுடையது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மூடச் சொன்னேன். என் ஊர் மழையை மனதில் வைத்து உங்கள் ஊர்க் கூரைக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக ஆத்தங்குடிப் பக்கம் இடித்த வீட்டு ஓடு கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

அதற்கு முன் மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். கடைசியாக மழை பெய்தது என்றைக்கு? பாசி சரிவு முழுக்கவா, ஒரு பட்டையாகவா? பட்டை என்றால் அதன் மேல்முனை எங்கே ஆரம்பிக்கிறது?

போர்க்காரனை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

பணிவுடன்,
காசி

•

சிவமயம்
பள்ளத்தூர்
22.3.2025

காசிக்கு,

எல்லாரும் நலமா? இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது.

உன் கேள்விக்குப் பதில். மழை பெய்து ரெண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தை பிறந்தபிறகு ஒரு சொட்டு இல்லை. ஆனால் பாசி மட்டும் வெற்றிலைக்கொடி மாதிரி பச்சை. சரிவு முழுக்க இல்லை, எட்டடி அகலத்துக்கு ஒரு பட்டை. ஈஸ்வரியை மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில், டேங்க் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே ஆரம்பிக்கிறதாம். அங்கே நிழல் அதிகம். அதனால் இருக்கும்.

முத்தப்பன் மகள் வளைகாப்புக்கு நான் போகவில்லை. பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். கூட்டத்தில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

தீக்ஷா சித்திரைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறாள். அறை காய்ந்தால் இங்கே, காயாவிட்டால் பெங்களூர். அப்படித்தான் பேச்சு.

ஆச்சி

•

கோட்டயம்
31.3.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மெய்யம்மையிடமும் காட்டவில்லை.

போர்க்காரனைக் கூப்பிடவேண்டாம். நிறையாத டேங்கில் எட்டுப் பெண்கள் வேலை செய்கிற அடுப்படிக்கு நாள் பூராவும் தண்ணீர் எப்படி வரும்? ஒரு நாளாவது குழாய் நின்றதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் போர் நன்றாகத்தான் இருக்கிறது.

இது கிடைத்த மறுநாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கீழே நிற்காதீர்கள். விடிந்த பிறகே போடுங்கள். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, டேங்குக்கு எதிரே நில்லுங்கள். ஈஸ்வரியை அனுப்பவேண்டாம், நீங்களே போங்கள். கடிகாரத்தையும் குழாயையும் மட்டும் பாருங்கள்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
காசி

•

கோட்டயம்
5.5.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. சித்திரை பிறப்புக்குப் பலகாரமும் வரவில்லை. முப்பது வருஷத்தில் இது முதல் தடவை. ஈஸ்வரியிடம் கேட்டால் "ஆச்சி நல்லா இருக்காக, வேல நடக்குது" என்பதோடு சரி. நான் எழுதியது தப்பாகப் பட்டிருந்தால் திட்டியாவது எழுதுங்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் நான் வண்டி ஏறிவிடுவேன்.

காசி

•

சிவமயம்
பள்ளத்தூர்
12.5.2025

தம்பி காசிக்கு,

வண்டி ஏறாதே. உயிரோடு இருக்கிறேன், சோறு தின்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே மாடி ஏறினேன். ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம். மோட்டார் போட்டுவிட்டுப் போய் நின்றேன். இருபத்தொரு நிமிஷத்தில் வழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. கை அகலத்துக்கு, வளைந்து வந்து, சரிவில் விழுந்து, சிதறி, அந்தப் பச்சைப் பட்டை மேலேயே ஓடி முத்தப்பன் பக்கம் இறங்கியது. அவ்வளவு தண்ணீர் ஓட்டில் விழுந்தால் எவ்வளவு சத்தம் கேட்கவேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, காசி. நாலடி தூரத்தில் நிற்கிறேன். கண்ணால் தண்ணீரைப் பார்க்கிறேன், காதில் ஒன்றுமில்லை. கையை நீட்டி அது தண்ணீர்தானா என்று தொட்டுப் பார்த்தேன்.

அந்த நேரம் முத்தப்பன் தன் பக்கத்து முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தார். அவர் வாய் அசைந்தது. நான் தலையை ஆட்டினேன். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலே தலையை ஆட்டுவதுதான் மூன்று வருஷமாக என் பிழைப்பு.

இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் பாதி. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். போனில் உதடு ஏது? அதனால்தான் மாவுக்கை. ஈஸ்வரிக்குத் தெரியும். நான் அவளிடம் சொன்னதில்லை, அவளும் என்னிடம் கேட்டதில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் என் எதிரே வந்து நின்றுகொள்வாள். இப்படி ஒருத்தி இருந்ததால் ஊரையே ஏமாற்ற முடிந்தது. டேங்கை ஏமாற்ற முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். செவிட்டு ஆச்சி தனியாக எண்ணெய்ச் சட்டியோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் தீக்ஷா ஒரு நாள் விடமாட்டாள். அதுதான் ஒரே காரணம். வேறு பெரிய காரணம் தேடாதே. மற்ற எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிற எனக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டுக் கூரையை நானே தினமும் இருபது நிமிஷம் ஊறப்போட்டு, அதற்கு வேப்பமரத்தைப் பழி சொல்லியிருக்கிறேன். இந்த ஐந்து வாரம் வெட்கத்தில்தான் எழுதவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்து, பழைய போன் ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அதிர்ந்ததும் மோட்டாரை நிறுத்துகிறேன். வழிவுக் குழாயைக் குளியலறைச் சாக்கடைப் பக்கம் திருப்பியாகிவிட்டது. பத்தாம் நாள் பாசி கறுத்தது. இருபதாம் நாள் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரு மருந்தும் போடவில்லை.

மரம்தான் போய்விட்டது. வடக்குச் சரிவு முழுக்க இறக்கி மாற்றவேண்டும் என்கிறான் சோணைமுத்து. அது பொதுக்கூரை. வீட்டில் பங்குள்ள ஒன்பது பங்காளியும் சம்மதிக்கவேண்டும். சம்மதம் கேட்கப் போனால் எப்படிக் கெட்டது என்று கேட்பார்கள்.

ஆச்சி

•

கோட்டயம்
20.5.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். வந்த வாடிக்கையாளரைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டேன்.

எனக்கு மார்ச்சிலேயே சந்தேகம். ஆனால் நீங்கள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? அதற்கு முன் ரெண்டு மாதம் உங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்து, நானும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அதற்கு மன்னிக்கவேண்டும்.

தண்ணீர் நிறைந்ததும் தானே மோட்டாரை நிறுத்துகிற பெட்டி ஒன்று அனுப்புகிறேன். எலெக்ட்ரீசியன் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவார். இது என் கடைச் சரக்கு இல்லை, பயப்படவேண்டாம். மதுரையில் காது டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன், முகவரி பின்பக்கம் இருக்கிறது.

பங்காளிகள் கூட்டத்துக்கு நான் வந்து பேசட்டுமா? டேங்க் பழுதாகிவிட்டது, குழாய் விரிசல் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். காது விஷயம் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன். தீக்ஷாவிடமும் நான் வாய் திறக்கமாட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்.

காசி

•

சிவமயம்
பள்ளத்தூர்
6.7.2025

தம்பி காசிக்கு,

நான் சுகம். இதைப் பொய்யில்லாமல் எழுதி மூன்று வருஷம் ஆகிறது. மெய்யம்மையையும் உன் ரத்த அழுத்தத்தையும் கேட்டதாகச் சொல்.

நீ வந்து பேசுவதாக எழுதியதற்கு நான் பதில் எழுதாததும் ஒரு காரணத்தோடுதான். பதில் எழுதினால் சரி, வா என்று எழுதிவிடுவேனோ என்று பயம். குழாய் விரிசல் என்று சொல்லியிருந்தால் கூட்டம் சுலபமாக முடிந்திருக்கும். அப்புறம் அடுத்த பொய்க்கு மறுபடி உன்னைக் கூப்பிடவேண்டும்.

முதலில் தீக்ஷாவுக்கு எழுதினேன், உனக்கு எழுதியதைவிடச் சுருக்கமாக. அடுத்த நாளே வந்து இறங்கினாள். அழுதாள், திட்டினாள், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து மறுபடி அழுதாள். மதுரைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் மிஷின் வைக்கவேண்டும் என்றார். நான் ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றேன். "சரக்கப் பாக்காம நான் எடுக்க மாட்டேன்" என்றதும் அவரே சிரித்துவிட்டார். இடது காதுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது காதில் மாட்டியிருக்கிறேன். பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. ஈயப் பாத்திரத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. கூட்டத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஒருவர் எதிரே நின்று பேசினால் பேச்சு பேச்சாக வருகிறது.

தீக்ஷா நாலு நாள் என்னோடு அடுப்படியில் நின்றாள். பெங்களூர்ப் பேச்சை அவளாக எடுக்கவில்லை. போகும்போது ஒரே ஒரு கட்டளை போட்டாள். "அம்மா, இனி எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சது தெரிஞ்சா அன்னைக்கே லாரி வரும்." நானும் ஒப்புக்கொண்டேன். நியாயமான பேரம்தான்.

கூட்டத்துக்கு வருகிறேன். ஆனி மாதம் முன்னோருக்குப் படைப்பு வைக்க ஒன்பது வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். வேறு நாளில் இவர்களை ஒன்றாகப் பிடிக்க முடியாது. சாப்பாடு முடிந்து எல்லாரும் முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வடக்குச் சரிவு கெட்டதுக்குக் காரணம் மழையில்ல, முத்தப்பன் வேப்பமரமும் இல்ல. எனக்குக் காது கேக்கல. டேங்க் வழிஞ்சது எனக்குத் தெரியல. தெரியாததவிட, கேக்கலங்கிறத மறைச்சதுதான் தப்பு. இனி எங்கிட்டப் பேசுறவுக எம் முகத்தப் பாத்துப் பேசுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு எல்லார் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முத்தப்பன் எழுந்தார், சுற்றிக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"ஆச்சி, தெருவுல நான் எத்தன தடவ கும்பிட்டிருப்பேன். நீங்க பாட்டுக்குப் போனீக. திமிருன்னு நெனச்சேன்."

"திமிரும் உண்டு. அது தனி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு மிஷின் இல்லாமலே கேட்டிருக்கும். அவர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக என் எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். கடைசியில் முற்றத்தின் ஒரு பக்கம் நான் மட்டும், எதிர்ப்பக்கம் அத்தனை பேரும். பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. இன்னொரு பங்காளி கார்த்திகேய சிவம் இருட்டிவிட்டால் கார் ஓட்ட முடியவில்லை என்றார், பெண்டாட்டிக்கே அன்றுதான் தெரியும். இன்னொருவருக்குக் கால் விரலில் உணர்ச்சி இல்லை. முத்தப்பன் மாத்திரையை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறதாம், அதற்கு அவர் மனைவி அங்கேயே வைத்துத் திட்டினார். கூரைப் பேச்சு அரைமணியில் முடிந்துவிட்டது. உடம்புப் பேச்சு பலகாரத் தட்டு ரெண்டு சுற்று வரும்வரை ஓடியது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் பேச்சை முத்தப்பன் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை நடக்கும்வரை என் சரக்குக்குத் தன் முன்னறையைத் திறந்துவிட்டிருக்கிறார். தீபாவளி ஆர்டரை எடுக்கலாம் என்று ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர்க்காரருக்கும் நானே எழுதினேன். ஒரு பெட்டி மாதிரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

நேற்றோடு வடக்குச் சரிவில் ஓடு முழுக்க இறக்கியாகிவிட்டது. கெட்ட மரமெல்லாம் கீழே வந்துவிட்டது. புதுச் சட்டம் திருப்பத்தூரிலிருந்து வர மூன்று நாள் ஆகுமாம். அதுவரை பலகார அறைக்குக் கூரையே இல்லை. இந்த வீடு கட்டிய நாளிலிருந்து வெயில் படாத தரையில் நடு உச்சி வெயில் விழுகிறது. சுவரில் ஈரம் காய்ந்து சுண்ணாம்பு வெளுத்துவருவது கண்ணெதிரே தெரிகிறது. இப்படி ஒரு வெயிலைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. தரையைக் கழுவித் துடைத்து, நாலு வேட்டியை விரித்து, தேன்குழலுக்குக் கழுவி வடித்த அரிசியை உலரப் போட்டிருக்கிறேன். அதன் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சோணைமுத்து சுவர்மேல் நின்று மேற்கே பார்க்கிறான். மேகம் வந்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பதாகச் சொன்னான்.

"கொரல் குடுக்காதே. எறங்கி வந்து எம் முன்னால நின்னு சொல்லு" என்றேன்.

சரி ஆச்சி என்று இறங்கி வந்து, என் முன்னால் நின்று, "மேகம் ஒண்ணும் இல்ல ஆச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப்போயிருக்கிறான்.

ஆசியுடன்,
விசாலாட்சி